ஒளித்து வைத்த ஏசி மூடி

தம்பி,

பக்கத்தில் யாராவது இருந்தால் எழுந்து தனியாகப் போய் உட்கார்ந்து இதைப் படி. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பன் காகிதத்தில் எழுதி அனுப்பினால், யாருக்கு என்ன ஆச்சோ என்று மனசு பதறத்தான் செய்யும். யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். உன் நிச்சயதார்த்தப் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறாள். நான்தான் மூன்று நாளாக இதை உன்னிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். போனில் சொல்லிவிட இரண்டு தடவை பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் சொல்லலாம் என்றால் அது இன்னும் மோசம். தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் என் குரல் ஓங்கும் என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது.

செவ்வாய்க்கிழமை நம் ஃபைபர் பட்டறையைக் காலி செய்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தியை அங்கேயே போட்டுவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. நானும் நம் பட்டறைச் சவரிமுத்துவும் பழைய மோல்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டோம். கடைசி மூலையில், தண்ணீர்த் தொட்டி மோல்டுக்கும் சுவருக்கும் நடுவில், தார்ப்பாய் சுற்றிய சாமான் ஒன்று இருந்தது. "அத விடு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சவரிமுத்து அதை வெயிலுக்கு இழுத்து, தார்ப்பாயை உருவி, குப்புறக் கிடந்ததை மல்லாத்திப் போட்டுவிட்டான். அந்த ஏசி மூடிதான், தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் சுற்றுலா வேனின் கூரையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, பைக்கில் வந்த முருகேசனைச் சாய்த்த அதே மூடி. கிரைண்டரில் துண்டு துண்டாக வெட்டிக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது.

அது கழன்று விழுந்த பிறகு அதன் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் பார்த்தேன். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு, உன் பசை பூசிய இடம். பின் ஓரத்திலும் இரண்டு பக்க ஓரங்களிலும் பசை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதன் மேல் கொத்துக் கொத்தாக வெள்ளை இழை. என்ன இழை என்று குனிந்து பார்த்தேன். வேனின் கூரையும் ஃபைபர்தானே, அந்தக் கூரையின் சதை. கூரையே பிய்ந்து வந்திருக்கிறது, உன் பசை விடவில்லை. முன் ஓரத்தில் மட்டும் பசை ஒட்டவே இல்லை. அங்கே மொழுமொழுவென்று வெறும் ஃபைபர். அதன் மேல் வரிசையாக எட்டுச் சிலுவைகள். எண்ணெயில் தூசி படிந்து பிசினாகிப் பழுப்பேறிய சிலுவைகள், ஒவ்வொன்றும் என் பெருவிரல் அகலம். சவரிமுத்து ஒரு சிலுவையின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு, "அண்ணே, இது ஒங்க கைதான?" என்றான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

உனக்குத் தெரியாத சங்கதி இது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து, எந்த வேலையாக இருந்தாலும், இணைப்பை மூடுவதற்கு முன்னால் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு, இரண்டு பாகமும் சேரும் இடத்தில் ஒரு சிலுவை போடுவேன். வெளியே போட்டால் வண்டிக்காரர் எந்தச் சாமி கும்பிடுகிறவரோ, மனசு கோணுமோ என்று யோசிப்பேன். உள்ளே போட்டால் அது இணைப்புக்குள் மறைந்துவிடும், எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். சவரிமுத்துவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. எல்லாமே ரிவெட் ஆணி அடித்த வேலை. எண்ணெய் இருந்தால் என்ன, தண்ணீர் இருந்தால் என்ன, ஆணி பிடித்துக்கொள்ளும்.

நீ காலேஜ் முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்ததும் ரிவெட்டின் மேல்தான் முதலில் கை வைத்தாய். ஃபைபரில் துளை போட்டால் அந்தத் துளையிலிருந்தே கீறல் கிளம்பும், பசையால் ஒட்டினால் பாரம் விளிம்பு முழுக்கப் பரவும் என்றாய். "ஏலே, பசைங்கிறது ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடுறதுக்குடா" என்று நான் சிரித்தேன். அம்மாவின் பிளாஸ்டிக் ஸ்டூல் கால் ஒடிந்த கதை ஞாபகம் இருக்கிறதா? கடையில் விற்கிற உடனடிப் பசையைத் தடவி நானே ஒட்டி, நானே உட்கார்ந்து, நானே விழுந்தேன். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்திருந்த நேரம் வேறு. நீ சிரிக்காமல் அதை எடுத்துப்போய், இந்த பிளாஸ்டிக் எதையும் தன் மேல் ஒட்ட விடாத ஜாதி, மேலே நெருப்பு காட்டினால்தான் வழிக்கு வரும் என்று சொல்லி, கேஸ் விளக்கின் நீலச் சுடரை அதன் மேல் ஒரு வீச்சு வீசினாய். அதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றியபோது முத்து முத்தாக உருண்டது. பிறகு ஊற்றியபோது பாய் விரித்த மாதிரி படிந்தது. "இப்ப ஒட்டும்" என்றாய். ஒட்டியது. என் வீம்பு மட்டும் குறையவில்லை.

அந்த வேன் வேலைக்கு வருகிறேன். முழுக்கப் பசையிலேயே பொருத்திய முதல் பெரிய மூடி அது. அன்று காலை முழுவதும் நீ அந்த விளிம்போடு மல்லுக்கட்டினாய். மோல்டிலிருந்து ஒட்டிவந்த மெழுகு போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாய், தின்னரில் துடைத்தாய், துணியை மாற்றி மாற்றித் துடைத்தாய், தண்ணீர் ஊற்றி அது உடையாமல் படிகிறதா என்று பார்த்தாய். "ஃபைபருக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியாடா?" என்று நான் கேலி செய்தேன். நீ என்னையும் சவரிமுத்துவையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாய்: "யாரும் விரல் வெக்காதீக. வேர்வை பட்டாக்கூட ஆகாது. பசை இழுத்தா தாங்கும்ப்பா, உரிச்சா தாங்காது. முன் ஓரந்தான் உசுரு. காத்து அங்கனதான் நுழையும். அங்க ஒரு எடத்துல கெளம்பிருச்சுன்னா, வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி மொத்தமும் உரிஞ்சுட்டு வந்துரும்." சொல்லிவிட்டு, காயட்டும் என்று சாப்பிடப் போனாய்.

ரிவெட் ஒன்றுகூட இல்லாத மூடி. மலை ரோட்டில் ஏறி இறங்கப்போகிற வண்டி. எனக்கு உள்ளுக்குள் பயம். உன்னிடம் பயம் என்று சொல்லத் தெரியவில்லை, அப்பனாயிற்றே. நீ அந்தப் பக்கம் போனதும் எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். வழக்கமாக ஒன்று போடுவேன். அன்று எட்டு. முன் ஓரம்தான் உயிர் என்று நீ சொன்னாய் அல்லவா, அதனால் எட்டையும் முன் ஓரத்திலேயே போட்டேன். நீ வந்து பசையைப் பூசி மூடியை அழுத்திக் கட்டினாய். நான் பக்கத்திலேயே நின்றேன். எதையோ பெரிதாகக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நின்றேன், தம்பி. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. உன் வேலையை நம்பாமல் ஆண்டவரைக் கூப்பிட்டேன். நம்பியிருந்தால் சும்மா இருந்திருப்பேன், சும்மா இருந்திருந்தால் அந்த மூடி இன்றைக்கும் அந்த வேனின் மேல்தான் இருந்திருக்கும்.

அஞ்சு மாசம் தாங்கியது. பழனி ரோட்டில், கன்னிவாடிக்குப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், எதிர்க்காற்றில் கழன்று பறந்தது. மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு வெறும் சாக்கோடு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த முருகேசனின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு கூடிவிட்டது. நரம்பு போனது போனதுதான். பாதத்தைத் தூக்க முடியாது, இழுத்துத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீயும் நானும் பக்கத்தில்தான் நின்றோம்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். முருகேசனின் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள், வேன்காரர் நின்றார். "இது என் வேலை இல்லங்கய்யா. நான் முப்பது வருசமா ரிவெட் அடிக்கிறவன். இந்தப் பசை வேலையெல்லாம் என் மகன் கொண்டாந்தது" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அவர்களைப் பார்த்து, "ஆமா, என் வேலைதான்" என்றாய். அவ்வளவுதான் பேசினாய். பெற்ற பிள்ளையை நடுவில் நிறுத்தி நான் ஒதுங்கிக்கொண்டேன். வேன்காரர் கையோடு வேறு பட்டறைக்குப் போய்க் கூரையைத் தேய்த்துப் புது மூடி போட்டுக்கொண்டார். மிஞ்சியது நான் பட்டறைக்கு எடுத்துவந்திருந்த இந்த மூடி ஒன்றுதான். மறுநாள் நீ வந்து கேட்டாய்: "அப்பா, அந்த மூடி எங்க? ஓரத்தப் பாக்கணும். எதனால விட்டுச்சுன்னு தெரியணும்." வெட்டிப் போட்டாச்சு என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? எண்ணெயின் நினைப்பு எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு தடவை வந்தது. ஆண்டவர் பெயரால் போட்டது எப்படிக் கெடுக்கும் என்று, அப்படி நினைப்பதே பாவம் என்று, தள்ளிவிட்டேன். மூடியைப் புரட்டிப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. நான் பார்க்கவும் இல்லை, உன்னைப் பார்க்க விடவும் இல்லை. அதற்கப்புறம் நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். கேட்டவர்களிடமெல்லாம், "பசை பசைன்னு அலஞ்சான், பட்டுத் திருந்திட்டான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

கல்யாணம் பண்ணப்போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். அம்மா ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள், வந்ததும் ஒப்பிப்பாள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. வீட்டில் எதுவோ உடைந்துபோய், எங்கே விட்டது பார்க்கலாம் என்று உன் மனைவி கேட்டால், எடுத்துக் காட்டிவிடு. உன் கைரேகை அதில் இருக்குமோ என்று பயமாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக எடுத்துக் காட்டு. நான் நாலு வருஷம் தார்ப்பாய்க்குள் வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் கன்னிவாடிக்குப் போனேன். சவரிமுத்து கூட வாரேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நாலு வருஷத்தில் முருகேசன் வீட்டுக்கு நான் போனதே இல்லை. என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டவன் எதற்குப் போவான்? வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். முருகேசனின் பெண்டாட்டி பூ கட்டிக்கொண்டிருந்தது. யார் என்று சொன்னதும் எழுந்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் காபி வந்துவிட்டது. குடித்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கொல்லைப்பக்கத்திலிருந்து முருகேசன் நடந்து வந்தான். தம்பி, இழுக்காமல் நடந்து வந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரைச்சீலை மாதிரி தொங்கும் பாதத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். வேட்டிக்குக் கீழே கெண்டைக்காலிலிருந்து பாதம்வரை ஒரு பட்டை தெரிந்தது. கறுப்புக் கார்பன் ஃபைபர். மேலே கெண்டைக்காலைப் பிடிக்கிற கவசமும் கீழே பாதத்தைத் தாங்குகிற தகடும் வெள்ளை பிளாஸ்டிக், ஒட்ட விடாத அந்த ஜாதி. நடுவில் ஒரு ஆணி இல்லை, ஒரு துளை இல்லை. பசை ஓரத்தை விரலால் இழுத்துச் சரித்துவிட்டிருந்த விதத்தைப் பார்த்ததும் அவன் காலருகே குனிந்துவிட்டேன். அப்படிச் சரிக்கிற கை திண்டுக்கல்லில் ஒன்றுதான் இருந்தது.

"இதாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

முருகேசன் என்னை வினோதமாகப் பார்த்தான். "என்னண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க மகந்தான். ஆஸ்பத்திரியில குடுத்தது ஆறு மாசத்துல கணுக்கால்ட்ட முறிஞ்சுபோச்சு. தம்பி அளவெடுத்துட்டுப் போயி இதச் செஞ்சாந்துச்சு. ஊருக்கு வர்றப்பெல்லாம் மொதல்ல இங்கதான் வரும். காசால ஓரமெல்லாம் தட்டித் தட்டிப் பாக்கும். உள்ள பசை விட்டுருந்தா சத்தம் மாறுமாம்ல."

ஒவ்வொரு தடவையும் நீ மத்தியானம் வீட்டுக்கு வந்து "பஸ் லேட்டுப்பா" என்பாய். நானும் பஸ் கம்பெனிக்காரனைத் திட்டுவேன். நீ தலையைக் குனிந்து சாப்பிடுவாய்.

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், எட்டுச் சிலுவை, பொய், தார்ப்பாய், எதையும் விடவில்லை. கத்துவான் என்று நினைத்தேன், கத்தட்டும் என்றுதான் போனேன். முருகேசன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கையில் பூச்சரம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்தப் பிள்ளைதான் பேசியது.

"அண்ணே, நாலு வருசமா அந்தத் தம்பி எங்க வீட்டுல பச்சத் தண்ணி குடிச்சதில்ல. காபி வேணாம், சோறு வேணாம். ஏந்தம்பின்னு கேட்டா, இந்த வீட்டுல சாப்புடுற தகுதி எனக்கில்லக்காங்கும். வெயில்ல வேர்த்து ஊத்தும், தண்ணி நீட்டினா, வேணாம்ங்கும். நீங்க இப்பத்தான் வந்தீக, காபி குடிச்சீக."

அது குத்திக் காட்டச் சொல்லவில்லை, தம்பி. நிஜமாகவே திகைத்துப் போய்ச் சொன்னது. எனக்குத்தான் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

முருகேசன் நிமிர்ந்தான். "என் காலு போனது போச்சுண்ணே. ஒங்க மேல கோவம் வருதான்னு கேட்டா, வருது. இல்லன்னு சொல்ல மாட்டேன். அத அப்பறம் பாத்துக்கலாம். இத எங்கிட்ட வந்து சொல்லிட்டீக. அந்தத் தம்பிக்கிட்ட யாரு சொல்லுவா?" என்றான்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். மூடியை வெட்டவில்லை. நீ பார்ப்பதற்காகத் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். வேன்காரரிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். கோயிலில் உன்னைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவைத்தவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்வேன். அம்மாவிடம் முந்தாநாளே சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வருகிறாய் என்று முருகேசன் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவன் பெண்டாட்டி கோழி அடித்துக் குழம்பு வைக்கப்போகிறதாம், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்டது. உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. எது வைத்தாலும் சாப்பிடுவான் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கேயே போ. அந்தப் பிள்ளை சொம்பில் தண்ணீர் கொடுக்கும், வாங்கிக் குடி. இலை போட்டால் உட்கார். வயிறு நிறையச் சாப்பிடு, தம்பி, அந்த வீட்டில் சாப்பிட உனக்கு என்றைக்குமே தகுதி இருந்தது. அங்கிருந்து எழுந்த பிறகு, என் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்.

அப்பா